கூடத்தில் இருபத்திரண்டு முட்டுக் கம்புகள்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க மாட்டேன், நீ பொய் சொல்வாய்.

சேதி இதுதான். என் தையல் கடைக்குப் பின்தெருவில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டப் போகிறோம். வரைய வேண்டியவன் நீ. வேறு இன்ஜினியர் என்று பேச்செடுத்தாலே உன் அத்தானிடம் எரிந்து விழுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடும். தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் அத்தான் தினமும் செல்போனில் ஒரு வீட்டைக் காட்டுகிறார். வாசலில் வளைவு, வளைவில் தங்க வண்ணம், சுவர் முழுக்கக் கண்ணாடி. "எப்படி ஜொலிக்குது பாரு" என்கிறார். இருபது வருடமாகத் தைக்கிறேன் தம்பி. ரவிக்கைக்கு உப்பின கை வந்தது, போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. எந்த மோஸ்தர் அதிகமாக ஜொலித்ததோ அதுதான் முதலில் பெட்டிக்கு அடியில் போகும். பார்க்கிறவர்களால் எந்த வருடம் கட்டியது என்று சொல்ல முடியாத வீடு எனக்கு வேண்டும். நம் குட்டி என் வயதுக்கு வரும்போதும் அது நிற்க வேண்டும், அசிங்கமாகவும் தெரியக் கூடாது.

அப்பாவின் மாற்றல் வேலையில் ஏழு வாடகை வீடு மாறினோம். சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டே வளர்ந்தோம். இனி நான் நகர்வதாக இல்லை.

இரண்டே நிபந்தனை. கூடத்தில் என் வெட்டு மேசையைப் போட வேண்டும், ஆகவே நடுவில் தூண் கூடாது. அடுத்தது, நல்ல தையலில் உள்ளே துணி விட்டுத் தைப்போம், உடம்பு பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். வீட்டிலும் அப்படிக் கொஞ்சம் விடு.

உன் அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. சாப்பாடு பற்றி நீ கேட்காததால் நானும் சொல்லவில்லை. அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

வரைபடம் இத்துடன் இருக்கிறது. மூன்று இரவு தூங்காமல் வரைந்தேன் என்று சொன்னால் உனக்குப் பிடிக்கும், ஆனால் நன்றாகத் தூங்கித்தான் வரைந்தேன். ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் வைத்திருக்கிறேன், காற்று உள்ளே வந்து வழி தேடி அலையக் கூடாது. தண்ணீர்க் குழாய் எதுவும் சுவருக்குள் போகாது. எல்லாம் பின்பக்கம் ஒரு சந்துக்குள் இறங்குகிறது. முப்பது வருடம் கழித்து ஒரு குழாய் ஒழுகினால் கதவைத் திறந்து மாற்றிவிட்டுப் போகலாம், சுவரை உடைக்க வேண்டாம். வீடுகள் இடிந்து சாவதில்லை அக்கா, ரிப்பேர் செய்ய முடியாமல்தான் சாகின்றன.

அறைகளுக்குப் பெயர் எழுதவில்லை, கவனித்தாயா? எல்லா அறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இன்று குட்டி படிப்பாள், நாளை நீங்கள் படுப்பீர்கள், அப்புறம் யாரோ. கிழக்குச் சுவரில் ஒரு கதவளவுக்கு மேலே கான்கிரீட் பட்டை போட்டு, கீழே செங்கலால் மூடியிருக்கிறேன். வீடு பெருத்தால் அங்கே பிரித்துக்கொள். நீ கேட்ட துணி அதுதான்.

கூடம் பதினாறு அடி அகலம். தூண் கிடையாது. குறுக்கே ஒரே உத்தரம், மேலே ஐந்து அங்குலத் தளம். போதும், ஒரு நூல்கூட அதிகம் வேண்டாம். மேஸ்திரி முகத்தைச் சுளித்தால் என்னைக் கேட்கச் சொல்.

வலது ஓரத்தில் இருப்பது என் கையெழுத்து. குளியலறையைவிடப் பெரிதாக இருக்கிறது என்று நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தம்பி


பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். முட்டிவலி மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் வருகிறது.

கடைத் தரையில் உன் வரைபடத்தைத் துணிக்குக் குறி போடும் சாக்கட்டியால் நிஜ அளவுக்குப் போட முயன்றோம். பாதி வீடு தெருவுக்குப் போய்விட்டது. குட்டி தன் அறையில் நின்றுகொண்டு, "கதவைத் தட்டிட்டு வாங்க" என்று அதிகாரம் செய்தாள். உன் அத்தான் வளைவு இல்லாத துக்கத்தில் ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் என்பது தன் யோசனை என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியாயிற்று. மேஸ்திரி நல்ல மனிதர், வாய்தான் ஓயாது. வரைபடத்தைப் பார்த்து, "கைத்தெளிவான ஆளும்மா உங்க தம்பி" என்றார். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

சமையலறை ஜன்னலை அரை அடி இறக்கலாமா? உடனே எழுது.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் குட்டியும் நலமா? நலமாகத்தானே இருக்கிறீர்கள்? பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வேலை.

திருத்திய வரைபடம் அனுப்பியிருக்கிறேன். பழையதைத் தூக்கிப் போட்டுவிடு. தளம் ஏழு அங்குலம். கூடத்து உத்தரம் இரண்டு மடங்கு. கம்பிகளின் எண்ணிக்கையும் கூட்டியிருக்கிறேன். சமையலறை ஜன்னலை இறக்கலாம்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நலமாகத்தான் இருக்கிறோம். ஒரே கடிதத்தில் இரண்டு முறை கேட்டதால் எனக்குத்தான் கொஞ்சம் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

புது வரைபடத்தை மேஸ்திரி விரித்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ஏம்மா, இது வீடா பாலமா? மேல லாரி ஏதும் விடப் போறீங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எடையைக் கூட்டிக் கூட்டி, அந்த எடையைத் தாங்கறதுக்கு இன்னும் எடை போட்டிருக்காரு" என்றார்.

எனக்குக் கம்பிக் கணக்கு தெரியாது. தையல் தெரியும். உள்ளே ஒரு விரல் துணி விடுவது புத்திசாலித்தனம். நாலு விரல் விடுகிறவள், தான் எடுத்த அளவையே நம்பாதவள். என்னிடம் வேலை கற்ற ஒருத்தி, ஒரு சட்டையைக் கெடுத்த பிறகு ஆறு மாதம் அப்படித்தான் தைத்தாள். எல்லாம் மூட்டை மாதிரி இருக்கும்.

புதுத் தாளில் ஓரம் காலியாக இருக்கிறது. குளியலறையைவிடப் பெரிய கையெழுத்து எங்கே போனது? கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

என்ன ஆயிற்று?

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் ஆகவில்லை. அலுவலகத்தில் வேலை அதிகம், அவ்வளவுதான்.

தளம் போட்ட பிறகு கீழே கொடுத்திருக்கும் முட்டுக் கம்புகளை இருபத்தெட்டு நாளுக்கு முன் யாரும் தொடக் கூடாது. மேஸ்திரி என்ன சொன்னாலும் சரி. எடுப்பதற்கு முன் எனக்கு எழுது. நான் சொல்லாமல் எடுக்காதே.

தம்பி


மே 10

அன்புத் தம்பிக்கு,

வெயில் கொளுத்துகிறது, மற்றபடி நலம். நீ மெலிந்திருப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரல் 24 அன்று தளம் போட்டாயிற்று. உன் வரைபடத்திலிருந்து ஒரு நூல் பிசகவில்லை. காலையில் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடிந்தது. தளம் நன்றாக இறுக, மேலே சிமெண்டால் பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். குட்டி அதில் காகிதக் கப்பல் விடுகிறாள். சொந்த வீட்டில் முதலில் குடியேறியவை கப்பல்கள்.

கீழே கூடத்தில் இருபத்திரண்டு முட்டுக் கம்புகள் நிற்கின்றன. உள்ளே போனால் தோப்புக்குள் போகிற மாதிரி இருக்கிறது. மேஸ்திரிக்கு அடுத்த வேலைக்கு அவை வேண்டுமாம். மூன்று வாரம் போதும் என்கிறார். நீ சொன்னாயே என்று இருபத்தெட்டு நாள் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே வீட்டுக்காரர், வெளியூரிலிருந்து மகன் திரும்பி வருவதால், ஜூலை கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கம்புகளை எடுத்தால்தான் பூச்சும் தரையும். 22ஆம் தேதி எடுக்கலாமா? ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா


மே 24

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் நேரத்தோடு வந்தது. நான்தான் எழுதவில்லை. எடுத்துவிடாதே. நாற்பத்தைந்து நாள் ஆகட்டும்.

இன்னொன்றும் யோசித்தேன். கூடத்தின் நடுவில் இருக்கும் இரண்டு கம்புகளுக்குப் பதிலாக இரண்டு தூண் கட்டிவிடலாம். வெட்டு மேசையை வேறு அறையில் போட்டுக்கொள். கோபப்படாதே.

ஒரு நொடிதான் அக்கா. எடுக்கிற அந்த ஒரு நொடியில் கீழே யாரும் நிற்கக் கூடாது. குட்டியை அந்தப் பக்கமே விடாதே.

தம்பி


ஜூன் 5

தம்பிக்கு,

இங்கே நலம். உன் நலம் பற்றி இனி உன்னைக் கேட்டுப் பயனில்லை என்று உன் அலுவலகத்துக்கே போன் செய்தேன். எடுத்த பெண், "சார் மூணு மாசமா வர்றதில்லையே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

என் வீட்டு வேலை நிற்கிறது என்று நான் கோபமாக இருப்பதாக நினைக்காதே. வீடு நிற்கும், நிற்காமல் போகும், அது செங்கல். நீ என்ன ஆனாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுத வரவில்லை என்றால் வெற்றுத் தாளையாவது மடித்து அனுப்பு. இல்லாவிட்டால் அடுத்த வண்டியில் ஏறி வந்துவிடுவேன். நான் வந்தால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். உன் அறையைக் கூட்டுவேன், அலமாரியை மாற்றி அடுக்குவேன், உன்னால் தாங்க முடியாது.

அக்கா


ஜூன் 16

அக்கா,

வராதே, எழுதிவிடுகிறேன்.

ஒரு நூலகத்துக்கு முகப்புக் கூரை வரைந்திருந்தேன். மார்ச் மூன்றாம் தேதி அதன் முட்டுக் கம்புகளை எடுத்தார்கள். கூரை கீழே வந்துவிட்டது. கம்பைப் பிடித்துக்கொண்டிருந்த தச்சருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மற்றவர்கள் தப்பித்தார்கள். வரைபடத்தின் ஓரத்தில் இருந்தது என் கையெழுத்து. விசாரணை முடியும்வரை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, வீட்டில் இரு என்றார்கள்.

மூன்றரை மாதமாக அதே கணக்கைத் தினமும் போடுகிறேன். தினமும் சரியாகவே வருகிறது. தாள் சரி என்கிறது, கூரை தரையில் கிடக்கிறது. எதை நம்புவது? மார்ச்சில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் உன் வீட்டு வரைபடம் நினைவுக்கு வந்தது. ஒரு நூல்கூட அதிகம் வேண்டாம் என்று திமிராக எழுதியிருந்தேனே. ஏழு அங்குலமும் போதாது என்று தோன்றுகிறது. கண்ணை மூடினால் உன் கூடத்தில் குட்டி நிற்கிறாள்.

அந்தத் தச்சரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனேன். பழப் பையோடு மாடிப்படி வரை போய்த் திரும்பிவிட்டேன். என்ன சொல்லி உள்ளே போவது?

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான். வேறு யார் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நீ என்னை நம்பாமல் போய்விடுவாயோ என்று பயம். வேறொருவரை வைத்துக் கட்டிக்கொள் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 24

என் அருமைத் தம்பிக்கு,

மூவரும் மிக நலம். ஏன் மிக என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரலில், உன் இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு, என்னிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் ஓய்வு பெற்ற இன்ஜினியர் வீட்டுக்குப் போனேன். நாற்பது வருடம் கட்டடத்தில் கிடந்த மனிதர். மூன்று நாள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளா வரைஞ்சது?" என்று கேட்டார். "ஆமா, என் தம்பி" என்றேன். "முதல் தாளை வரைஞ்சப்போ உங்க தம்பிக்குத் தொழில் தெரிஞ்சிருக்கு. ரெண்டாவதை வரைஞ்சப்போ பயம் மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. முதலாவதையே கட்டுங்க" என்றார்.

அதையே கட்டினேன். தளம் ஐந்து அங்குலம். குறுக்கே உன் ஒற்றை உத்தரம். உன் வரைபடத்திலிருந்து ஒரு நூல் பிசகவில்லை என்று எழுதினேனே, எந்த வரைபடம் என்று நீ கேட்கவில்லை. உன் ஏழு அங்குலத் தாள் வீணாகவில்லை. நல்ல கெட்டித் தாள். குட்டியின் பாவாடைக்கு அளவு வெட்டி வைத்திருக்கிறேன்.

கம்புகளை மட்டும் நீ சொல்கிறவரை விட்டுவைத்தேன். இன்ஜினியர் மே மாதமே எடுக்கலாம் என்றார். உன் வாயால் வர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். உன் கடிதத்தைப் படித்த பிறகு, நீ சொல்கிறவரை காத்திருப்பதுதான் உனக்கு நான் செய்யும் கெடுதல் என்று புரிந்தது.

நேற்றுக் காலை பத்து மணிக்கு எடுத்தோம். இன்ஜினியரும் வந்திருந்தார். உத்தரத்துக்கு ஒரு விரல் கீழே, சுவருக்குச் சுவர் நூல் கட்டிவிட்டு எடுப்பது மேஸ்திரியின் வழக்கம். கூரை ஒரு மயிரிழை இறங்கினாலும் நூல் காட்டிக் கொடுத்துவிடுமாம். அவருடைய நூல் முடிச்சு முடிச்சாக இருந்தது. கடையிலிருந்து தையல் நூலை எடுத்து வந்து நாலாக முறுக்கிக் கொடுத்தேன். "வீட்டையே தைக்கிறீங்களேம்மா" என்று சிரித்தார்.

நடுவில் தொடங்கி இரண்டு பக்கமாக, ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். நீ சொன்னபடி குட்டியை உன் அத்தான் தெருவில் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிக் கம்பு வெளியே போனதும் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. மேஸ்திரி ஏணியைக் காட்டி, "நீங்களே பாருங்கம்மா" என்றார். ஏறி விரலை விட்டுப் பார்த்தேன். அதே ஒரு விரல்.

இறங்கி வந்து கூடத்தின் நடுவில் நின்றேன். பதினாறு அடி. தூண் இல்லை, கம்பு இல்லை, இரண்டு பக்கமும் காற்று. இப்போதும் அங்கேதான் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் கூரை என் தலைக்கு மேலே இருக்கிறது. மேலே பார்க்கவே மறந்துவிட்டேன், அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது.

விசாரணையில் என்ன வந்தாலும் வரட்டும். அந்தத் தச்சரைப் போய்ப் பார். என்ன சொல்வது என்று யோசிக்காதே, எப்படி இருக்கிறீர்கள் என்று கேள். நாம் எல்லாக் கடிதத்திலும் கேட்பதுதானே.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே.

27ஆம் தேதி விசாரணை அறிக்கை வந்தது. திறப்பு விழாவுக்கு நேரமாகிறது என்று, பதினான்கு நாள் நிற்க வேண்டிய முட்டுக் கம்புகளை ஐந்தாம் நாளே எடுக்கச் சொல்லியிருக்கிறார் ஒப்பந்தக்காரர். வரைபடத்தில் குறை இல்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அறிக்கை வந்த அன்றே உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். "இனி தைரியமாகக் கம்புகளை எடுக்கலாம், நான் சொல்கிறேன்" என்று பெரிய மனிதன் மாதிரி எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். பெட்டியில் போடக் கிளம்பும்போது உன் கடிதம் வந்தது. படிகளிலேயே உட்கார்ந்து படித்தேன். நீ என்னை ஏமாற்றியதற்குக் கோபப்பட நினைத்தேன், வரவில்லை. எனக்கு 27ஆம் தேதி கிடைத்த தாளுக்கு நான்கு நாள் முன்பே, 23ஆம் தேதியே, நீ அந்தக் கூரைக்குக் கீழே போய் நின்றிருக்கிறாய். அதைப் படித்ததும் கண் நிறைந்துவிட்டது அக்கா. பக்கத்து அறைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்.

தச்சரைப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்துவிட்டார், கம்பு ஊன்றி நடக்கிறார். நீ சொன்னபடியே கேட்டேன். "பரவால்ல சார், செப்டம்பர்ல கம்ப கீழ போட்ரலாம்னு டாக்டர் சொன்னாரு" என்றார். பிறகு, "அஞ்சாம் நாளு வேணாம்னு நாங்க எவ்வளவோ சொன்னோம். நீங்க அங்க இருந்திருந்தா தடுத்திருப்பீங்க" என்றார். அது மட்டும் உள்ளே தைத்தது. இனி நான் வரைந்த கட்டடத்தில் கம்பு எடுக்கும் நாளில் நான் அங்கே நிற்பேன். உன் வீட்டுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாத நடுவில் பத்து நாள் விடுப்பு எடுத்து வருகிறேன். வீடு மாறச் சாமான் தூக்க ஒரு ஆள் ஆயிற்று. பூச்சு வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கச் சொல், கூடத்து உத்தரத்தை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும். நான் வருகிறவரை அந்த நூலை அவிழ்க்காதே. ஏணி ஏறி நானும் ஒரு முறை விரலை விட்டுப் பார்க்க வேண்டும்.

மேஸ்திரிக்கு என் நன்றி. அத்தானுக்கு ஆறுதலாக, வாசல் கேட்டுக்கு மட்டும் ஒரு சின்ன வளைவு வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மோஸ்தர் போனால் கழற்றிவிடலாம்.

நான்கு மாதம் கழித்து இந்த வளைவுத் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். பழக்கம் விட்டதால் இடம் தெரியாமல் பாதி கேட்டின் மேல் ஏறிவிட்டது. மேஸ்திரியிடம் சொல்லிவிடு, அதையும் சேர்த்துக் கட்டிவிடப் போகிறார்.

உன் தம்பி